கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்

சலவைக் கடைக்குள் காலை வைத்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வாஷிங் மெஷின்களில் இரண்டைக் காணோம். அவை நின்ற இடத்தில் தரை மட்டும் இரண்டு வெள்ளைச் சதுரங்களாகப் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவதை இரண்டு ஆட்கள் சாய்த்துப் பிடித்திருக்க, அதன் வயிற்றில் மிச்சமிருந்த தண்ணீர் குழாய் வழியாகத் தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு வேன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதை உள்ளே வரும்போதே பார்த்தாள்தான். யாரோ மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள். காணாமல் போன இரண்டும் அதற்குள்தான் இருந்தன.

அரை மணி நேரத்துக்கு முன்னால் சின்னு போன் செய்திருந்தாள். சின்னு என்பவள் தம்பியின் மனைவி. பிறந்த வீட்டில் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், புகுந்த வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. "அக்கா, எங்க இருந்தாலும் உடனே கடைக்கு வாங்க. உங்க தம்பி பண்ற கூத்தை நீங்களே வந்து பாருங்க" என்று படபடவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சின்னு லேசில் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அதனால் அக்கா ஆபீசில் எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"வாக்கா வா! நல்ல சமயத்துல வந்த" என்று தம்பி உள்ளறையிலிருந்து கையில் அளவு நாடாவோடு வெளியே வந்தான். தெருவில் எல்லோரும் அவனை நுரை என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக் கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பொசுக்கென்று பொங்கிப் பொசுக்கென்று அடங்குவதால் வந்தது என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"என்னடா இது? மெஷினெல்லாம் எங்கடா போகுது?"

"வித்துட்டேன்."

"எதை?"

"நாலையும். சார் அவரோட விடுதிக்கு எடுத்துக்கிறார்."

சார் என்று அவன் காட்டியவர் மாணவர் விடுதி நடத்துகிறவர். சுவரோரமாக ஈரம் படாத இடம் பார்த்து நின்றுகொண்டு, நாலாவது மெஷினின் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி விலைக்குக் கிடைத்த திருப்தி அவர் முகத்தில் அப்பிக் கிடந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"எல்லாத்தையும் வித்துட்டு எதுலடா துவைப்ப? கையிலயா?"

"இனிமே துவைக்கப் போறதே இல்லக்கா. போதும். இந்த மெஷினுங்களுக்கு நான் சம்பாதிச்சுப் போட்டதுதான் மிச்சம். மாசத்துக்கு ஒண்ணு மக்கர் பண்ணுது. சரி பண்றவன் வீட்டுக்கு மாடி கட்டிட்டான், எனக்குக் கூரை ஒழுகுது. உள்ள வந்து பாரு."

உள்ளறை சின்னு இஸ்திரி போடுகிற அறை. நேற்று வரை அங்கே நீள மேசையும் மடித்த துணிப் பொட்டலங்களும் இருந்தன. இப்போது மேசை நிமிர்த்தி ஓரமாகச் சாத்தப்பட்டிருந்தது. சுவர் முழுக்க இரும்புச் சட்டங்கள் அடுக்கடுக்காக முடுக்கப்பட்டிருந்தன. மூலையில் பெரிய மின்விசிறி ஒன்று பிரிக்காத பெட்டியோடு காத்திருந்தது. சின்னு அந்த அறையின் வாசலில் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம்.

"மைனிங்" என்றான் தம்பி, கல்யாணச் செய்தி சொல்கிறவனைப் போல. "கம்ப்யூட்டர் காசு. இந்தச் சட்டத்துல முப்பது மெஷின் நிக்கும். துணி காயவைக்கற சூடு வெளிய போறதுக்குக் குழாய் ஏற்கெனவே இருக்கு, அந்தச் சூடும் அதுலயே போயிடும். கரண்ட்டும் நம்மகிட்ட பெரிய லைன். கடவுளே பார்த்து அமைச்சுக் கொடுத்த மாதிரி இருக்குக்கா."

"எந்தக் காசு?" என்று அக்கா கேட்டாள்.

"அதுதான் விஷயமே! ரெண்டு நாணயம் போட்டி போடுது. பேரெல்லாம் வாயில நுழையாது. சின்னத்தோட கலரை வெச்சு சிவப்பு, நீலம்னுதான் எல்லாரும் சொல்றாங்க." தம்பி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்தான். "சிவப்பு பழசு. விலை ஆகாயத்துல இருக்கு. ஆனா விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. மைனிங்னா என்ன? உலகம் பூரா இருக்கற மெஷினெல்லாம் ஒரே கணக்கைப் போடுது. எவன் முதல்ல விடை கண்டுபிடிக்கிறானோ அவனுக்குப் புதுக் காசு. சிவப்புல ஆளு ஜாஸ்தி. ஆளு கூடக் கூட கணக்கும் கஷ்டமாகும். போதாததுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஜெயிச்சவனுக்குத் தர்ற காசையும் பாதியா வெட்டிடுவாங்க. அதுக்குன்னே தனி மெஷின் வேற வாங்கணும், புது மாடல் வந்துட்டா பழசு எடைக்குத்தான் போகும். நம்மள மாதிரி ஆளுங்க அதுல இறங்கினா கரண்ட் பில் கட்டியே போண்டி ஆயிடுவோம்."

"நீலம்?"

"நீலம் புதுசு. விலை கம்மி. ஆனா ஆளும் கம்மி, கணக்கும் சுலபம். வீடியோ கேம் ஆடறவங்க வெச்சிருக்கற மாதிரி மெஷின் போதும். இன்னிக்கு விலை கம்மியா இருக்கறப்பவே நிறைய எடுத்து வெச்சுக்கணும். ரெண்டு வருஷத்துல அது சிவப்பைப் பிடிக்கும். பிடிக்கலைன்னாலும் பாதி வந்தாப் போதும், நம்ம கஷ்டம் தீர்ந்துது."

தம்பி ஒன்றும் முட்டாள் இல்லை. அவன் சொன்னதில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது. முழுப் பைத்தியக்காரத்தனமாக இருந்தால் காதைப் பிடித்துத் திருகி வேனில் ஏற்றியதை இறக்கிவிடலாம்.

"மைனிங் மெஷின் விக்கறவன் ரெண்டு மணிக்கு வர்றான்" என்று சின்னு வாசலில் நின்றபடியே சொன்னாள். "விடுதிக்காரர் தர்ற பணம், நாங்க சேத்து வெச்சது, எல்லாத்தையும் அவன் கையில கொடுக்கப் போறாரு. அப்புறம் எங்ககிட்ட மிச்சம் இருக்கப் போறது அந்த இஸ்திரிப் பெட்டி ஒண்ணுதான். நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னாவாவது கேப்பாருன்னுதான் கூப்பிட்டேன்."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால்.

"இதெல்லாம் உனக்கு எவன்டா சொன்னான்?"

"சொல்லல, படிச்சேன். பத்து வீடியோ பார்த்தேன்க்கா, ஒண்ணும் மண்டையில ஏறல. அப்புறம்தான் இந்தக் கட்டுரை கிடைச்சுது. ஒரே தடவை படிச்சேன், பளிச்சுனு புரிஞ்சுது. ஏன்னு சொல்லு? எழுதினவன் நம்ம தொழில் தெரிஞ்சவன். சலவைக்காரன் பாஷையில எழுதியிருக்கான். கேளு." போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, செய்தி வாசிக்கிறவர் குரலில் படித்தான். "'எது நாணயமான நாணயம்? சிவப்பும் நீலமும் ஓர் ஒப்பீடு. நீலம் குறைந்த மின்சாரத்தில் அதிகச் சுமையைச் சுழற்றும். சத்தம் குறைவு. அதிர்வு இல்லை. சிறிய இடத்திலும் அடங்கும். கணக்கைக் கசங்காமல் பிழிந்து தரும்.' கசங்காம பிழியறது எவ்வளவு பெரிய விஷயம்னு துணி துவைக்காதவனுக்குத் தெரியுமா? 'ஐந்து வருட உத்தரவாதம் உண்டு. சுருங்கச் சொன்னால், நடுத்தரக் குடும்பத்தினர் நீலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.'"

அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. தம்பியின் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. இஸ்திரி மேசையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கட்டுரையை எழுதியவள் அவள்தான்.

அவள் எந்த ஆபீசில் என்ன வேலை செய்கிறாள் என்பது வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "எழுத்து வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். தம்பி அதையே கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி, "எங்க அக்கா பத்திரிகையில இருக்காங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வான். உண்மையில் அது பொருட்களை ஒப்பிட்டு எது நல்லது என்று சொல்லும் ஓர் இணையதளம். இந்த மிக்சியா அந்த மிக்சியா, இந்தச் செருப்பா அந்தச் செருப்பா என்று நாளைக்கு மூன்று கட்டுரைகள். அடியில் "நிபுணர் குழு" என்று பெயர் போடுவார்கள். குழு என்பது அவளும், அவள் எழுதியதில் காற்புள்ளியை மட்டும் திருத்துகிற ஆசிரியரும்தான்.

நாளைக்கு மூன்று எழுதவேண்டுமென்றால் மூன்றையும் புதிதாக எழுத முடியாது. அவளிடம் ஓர் அச்சு இருந்தது. விலை, இடம், சத்தம், மின்சாரம், உத்தரவாதம் என்று ஐந்து தலைப்புகள். பழைய கட்டுரையை எடுத்து, பொருளின் பெயரை மட்டும் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் மாற்றிவிட்டு, அங்கங்கே பட்டி பார்ப்பாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஆசிரியர் வந்து, "மேடம், இந்த கிரிப்டோ நாணயம் பத்தி நாலு மணிக்குள்ள ஒண்ணு வேணும், எண்ணூறு வார்த்தை" என்றார். அக்காவுக்கு அதைப் பற்றி அட்சரம் தெரியாது. மெஷின் வருகிறது, மின்சாரம் வருகிறது, எனவே வாஷிங் மெஷின் கட்டுரைதான் பொருந்தும் என்று அதை எடுத்தாள். வாஷிங் மெஷின் என்று இருந்த இடமெல்லாம் நாணயம் ஆயிற்று. துணி என்று இருந்த இடமெல்லாம் கணக்கு ஆயிற்று. தலைப்பை மட்டும் சொந்தமாக யோசித்துப் போட்டாள். ஆசிரியர் அதைத்தான் மிகவும் மெச்சினார்.

உத்தரவாத வரியை அவள் கவனிக்கவே இல்லை. அது வாஷிங் மெஷின் கட்டுரையில் இருந்தது, அப்படியே இதிலும் இருந்துவிட்டது. எந்த ஊரிலாவது நாணயத்துக்கு ஐந்து வருட உத்தரவாதம் தருவார்களா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் சிரித்திருப்பாள். யோசிக்க அவளுக்கு ஒரு நிமிடம் இருக்கவில்லை.

"அதெல்லாம் டூப்பா இருக்கும்டா" என்றாள். "இன்டர்நெட்ல எவனோ எழுதறதை நம்பிக் கடையை விப்பாங்களா?"

"எவனோ இல்லக்கா. நிபுணர் குழு. கீழ போட்டிருக்கு பாரு."

"குழுவாவது மண்ணாவது."

"உனக்குத் தெரியாததைப் பத்திப் பேசாத. அவங்க எவ்வளவு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருப்பாங்க!"

வாசலில் மூன்றாவது மெஷின் வேனில் ஏறுகிற சத்தம் கேட்டது. விடுதிக்காரர், "மெதுவா, மெதுவா, கீறல் விழாம" என்று குரல் கொடுத்தார். மெஷின் இப்போது அவருடையது என்பதால் கரிசனம் பீறிட்டது. சொல்லிவிட்டால் தம்பி முகத்தில் இனி எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் இரண்டு மணிக்கு இந்தக் கடை போய்விடும். கடை போனால் இவர்கள் இரண்டு பேரும் சாப்பிட வேறு வழி இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"அந்தக் குழு நான்தான்டா."

தம்பி சிரித்தான். "சும்மா இருக்கா."

"சத்தியமாடா. நான்தான் எழுதினேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு மணி நேரத்துல."

"உனக்கு நாணயத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதைத்தான்டா நானும் சொல்றேன்!"

"கடையை விக்கக் கூடாதுங்கறதுக்காக என்ன வேணாலும் சொல்வியா? சின்னு சொல்லிக் கொடுத்தாளா?"

சின்னுவின் கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்தன. அக்கா கைப்பையைக் கிளறித் தன் போனை எடுத்தாள். அவசரத்தில் மூன்று தடவை தப்பாகத் தட்டினாள். கடைசியில் தளத்தின் அடியாழத்தில் கிடந்த ஒரு பழைய கட்டுரையைத் திறந்து தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது வாஷிங் மெஷின் கட்டுரை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படி. வரிக்கு வரி படி."

தம்பி இரண்டு கையிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு படித்தான். முதலில் சவால் விடுகிறவனைப் போல உரக்கப் படித்தான். "குறைந்த மின்சாரத்தில் அதிகச் சுமையைச் சுழற்றும்." இந்தப் பக்கம் பார்த்தான். "அதிர்வு இல்லை." அந்தப் பக்கம் பார்த்தான். "துணியைக் கசங்காமல்…" குரல் இறங்கிவிட்டது. அதற்கு மேல் உதடு மட்டும் அசைந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் அக்கா. ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது. "நீலத்தைப் பண்றவங்க அடுத்த வருஷம் முறையையே மாத்தப் போறாங்களாம். அதுக்கப்புறம் மெஷின் வெச்சுக் கணக்குப் போடற வேலையே கிடையாது. ஏற்கெனவே காசு வெச்சிருக்கறவங்களுக்கே புதுக் காசு கொடுத்துடுவாங்க. மைனிங்கே முடிஞ்சுது. நான் விவரம் எடுத்த தளத்துல அது தெளிவா இருந்துது. நானும் படிச்சேன்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"எந்தத் தலைப்புல எழுதறது? விலையிலயா, இடத்துலயா, சத்தத்துலயா? என்கிட்ட அதுக்குத் தலைப்பு இல்லடா. எண்ணூறு வார்த்தைக்கு மேல போச்சு, அதனால அந்தப் பத்தியை வெட்டிட்டேன்."

தம்பி அப்படியே பின்னால் நகர்ந்து, ஓரமாகக் கிடந்த துணி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தான். இப்போது திட்டுவான், கத்துவான், போனைச் சுவரில் அடிப்பான் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவனோ அடித்துப் போட்டவனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

விடுதிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நாலாவதை ஏத்தலாமா?"

"ஏத்தினதை இறக்குங்க" என்றாள் சின்னு.

"என்னம்மா விளையாடறீங்களா? ஏத்தக் கூலி, இறக்கக் கூலி, வேன் வாடகை, இதெல்லாம் எவன் கொடுப்பான்?"

"நான் கொடுக்கறேன்" என்றாள் அக்கா. "நீங்க கொடுத்த முன்பணத்தையும் இப்பவே திருப்பி வாங்கிக்குங்க."

அவர் கொஞ்ச நேரம் குதித்தார். வாக்கு என்றார், மரியாதை என்றார், இந்த ஓட்டை மெஷினை வேறு யார் வாங்குவார்கள் என்றார். ஓட்டை என்று அவரே சொன்னது அவருக்கே உறைத்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, ஆட்களைப் பார்த்து இறக்கச் சொல்லிக் கை காட்டினார். சின்னு மெஷின் விற்கிறவனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றாள். அவன் ஏதோ கேட்க, "வேணாம்னா வேணாம்" என்று வைத்துவிட்டாள். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மானம் போனது போனதுதான். ஆனால் கடை தப்பித்தது. தன் எழுத்தால் ஏறியதைத் தன் வாயாலேயே இறக்கிவிட்டோம் என்று ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது.

தம்பி மட்டும் மூட்டையிலிருந்து எழவில்லை. அவன் இன்னும் அக்காவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாஷிங் மெஷின் கட்டுரையைக் கீழே தள்ளினான், மேலே தள்ளினான்.

"இதை எப்பக்கா எழுதின?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல. ஆறு வருஷம் இருக்கும். ஏன்டா?"

"இதுல முதல் இடம் கொடுத்திருக்கியே, அது எந்த மெஷின்?"

அக்கா குனிந்து பார்த்தாள். கம்பெனி பெயர், மாடல் எண். நிமிர்ந்தாள். முதல் மெஷினை ஆட்கள் வேனிலிருந்து இறக்கி வெள்ளைச் சதுரத்தை நோக்கி நகர்த்திக்கொண்டு வந்தார்கள். அதன் நெற்றியில் அதே கம்பெனியின் பெயரும் அதே எண்ணும் இருந்தன. இத்தனை வருடம் இந்தக் கடைக்கு வந்து போயிருக்கிறாள், ஒரு தடவைகூட அதைப் படித்ததில்லை.

"இதைப் பார்த்தா வாங்கின?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்க்கா வாங்கினேன்" என்றான் தம்பி. கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னான். "நாலும் ஒரே மாதிரி. கடை ஆரம்பிக்கறப்ப இதைத் தாள்ல அச்சடிச்சு வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். மெஷின் மேல சந்தேகமே வரல. என் கைதான் சரியில்ல, எனக்குத்தான் ராசி இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீ இந்த மெஷினைப் பார்த்திருக்கியா? எழுதறப்ப?"

"படம் பார்த்தேன்."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பு இல்லை.

"சரி, அது போகட்டும்" என்றான். போன் திரையை மறுபடி மேலே தள்ளினான். "இதுலயும் அஞ்சு வருஷ உத்தரவாதம்னு போட்டிருக்கு. நாணயத்துக்குத் தப்பா வந்துது, சரி. இது மெஷின். இது நிஜம்தானே?"

நிஜம்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். வாஷிங் மெஷின் கட்டுரையை அவள் புதிதாக எழுதவில்லை. அதற்கும் முன்னால் ஒன்று இருந்தது. அவள் அந்த வேலையில் முதன்முதலாக எழுதியது, அச்சு பிறந்த இடம். அவனிடமிருந்து போனை வாங்கித் தேடினாள். மின்சாரம் நீங்கலாக அதே தலைப்புகள். இடம். சத்தம். படுத்துப் புரண்டாலும் சத்தம் வராது. கடைசியில் அதே வரி. ஐந்து வருட உத்தரவாதம் உண்டு.

"என்னக்கா அது?"

"மெத்தை" என்றாள் அக்கா. "அது மெத்தைக்குக் கொடுக்கற உத்தரவாதம்டா. மெஷினுக்கு எத்தனை வருஷம்னு நான் பார்க்கவே இல்ல போல."

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிச் சின்னுவைப் பார்த்தான். அந்தப் பார்வை ஏன் என்று அக்காவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. புரிந்ததும் உட்கார இடம் தேடினாள்.

கடை திறந்து இரண்டாவது வருடத்தில் ஒரு மெஷினின் மோட்டார் எரிந்துபோயிற்று. தம்பி கம்பெனிக்காரர்களிடம் போய் நின்றான். ஒரு வருடம்தான் உத்தரவாதம், அது முடிந்தது என்றார்கள். ஐந்து வருடம் என்று இவன் சண்டை போட்டான். அப்படியென்றால் ஐந்து வருடத்துக்கான கார்டைக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள். கடையிலும் வீட்டிலும் காகிதம் என்று எது வந்தாலும் சின்னுதான் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பாள். பெட்டியில் ஒரு வருடக் கார்டுதான் இருந்தது, ஐந்து வருடத்துக்கானது இல்லை. மூன்று நாள் தேடினார்கள். அலமாரியைக் கவிழ்த்தார்கள், கட்டிலைப் பிரித்தார்கள். குப்பையோடு குப்பையாகப் போட்டிருப்பாய் என்றான் தம்பி. அவளுடைய அப்பா அம்மா வந்திருந்தபோது அவர்கள் எதிரிலேயே, ஒரு காகிதத்தைக் காப்பாற்றத் தெரியாதவள் என்றான். தகரப் பெட்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவும் அப்போது ஒரு நாள் போய் உட்கார்ந்து, நிதானமாக, நல்லது சொல்கிற குரலில் சொன்னாள்: "பொறுப்பா இருக்கணும்மா சின்னு. இதெல்லாம் பணம்." சின்னு அழுதாள். ஒருநாள் வீடு பெருக்கும்போது பழைய காகிதங்களைக் கொஞ்சம் தூக்கிப் போட்டதாகவும், அதில் போயிருக்கும் என்றும் தானே ஒப்புக்கொண்டாள்.

வெளியே ஆட்கள் இரண்டாவது மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி எழுந்து சின்னுவின் பக்கம் ஓர் அடி வைத்தான். அவள் கையை நீட்டி அவனை அங்கேயே நிற்கச் சொன்னாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. திகைப்புதான் இருந்தது, வருடக்கணக்காகச் சுமந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டவளின் திகைப்பு.

"அப்ப அந்தக் கார்டு இருந்ததே இல்ல" என்றாள் சின்னு மெதுவாக. "நான் தூக்கிப் போட்ட மாதிரி எனக்கு ஞாபகமே இருந்துது. எந்தப் பை, என்ன கிழமைன்னுகூட ஞாபகம் இருந்துது. இல்லாத ஒண்ணைத் தொலைச்சேன்னு உங்க ரெண்டு பேர் கால்லயும் விழுந்தேன்."